சாந்தியாகோவில் ஒரு சனிக்கிழமை

எனக்கு இருக்கும் நோயின் தமிழ்ப் பெயர் முடக்குவாதம். 'வாதம்' என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள்கள் உண்டு. உடலைப் பிடிக்கும் நோய் ஒன்று. ஒரு கட்சியை நிலைநாட்டப் பேசும் பேச்சு மற்றொன்று. இரண்டும் சேர்ந்தேதான் வரும் என்பதை நோய் கண்ட முதல் ஆண்டிலேயே தெரிந்துகொண்டேன். இந்த நோய்க்கு வெளி அடையாளம் குறைவு. கட்டு இல்லை, தையல் இல்லை, தலைமுடி கொட்டவில்லை. "பார்த்தா நல்லாத்தானே இருக்கே" என்று அன்போடும், சில சமயம் அன்பில்லாமலும் சொல்லப்படும் வாக்கியத்துக்கு எதிராக ஒவ்வொரு முறையும் என் உடம்பின் சார்பில் நானே வழக்காட வேண்டியிருக்கிறது.

அந்த வழக்கில் எனக்கு எதிராக ஒரு சாட்சியம் உண்டு. நாற்பது விநாடி நீளமுள்ள ஒரு காணொளி. அதில் நான் கியூபாவின் சாந்தியாகோ நகரில், மாடிக்கூடம் ஒன்றில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதரோடு ஆடிக்கொண்டிருக்கிறேன். முகத்தில் சிரிப்பு வேறு.

அது 2018 பிப்ரவரி. அதற்கு முந்தைய மாதம் திருச்சியில் அம்மாவின் தலைத்திவசம். நான் போகவில்லை. டிசம்பர் கடைசியில் நோய் கிளர்ந்து, இரு மணிக்கட்டுகளும் வலது முழங்காலும் வீங்கிக் கிடந்தன. டொரொண்டோவிலிருந்து திருச்சி வரை, இடையில் விமான நிலையங்களில் காத்திருப்பதையும் சேர்த்தால், ஒரு முழு நாளுக்கு மேலாகும் பயணம். மருத்துவர் வேண்டாம் என்றார். தொலைபேசியில் அக்கா, "உடம்பைப் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னாள். கியூபா பயணத்தைக் கணவர் அக்டோபரிலேயே பதிவு செய்திருந்தார். பனிக்காலத்தில் ஒரு வாரம் வெயிலைத் தேடித் தெற்கே போவது கனடாவில் எல்லோரும் செய்வது. ஜனவரி முடிவில் வீக்கம் ஓரளவு வடிந்தது. பணம் திரும்பக் கிடைக்காது. விமானத்தில் நான்கு மணி நேரம்தான் என்றார் கணவர். கிளம்பினோம். ஒல்கின் நகரில் இறங்கிப் பேருந்தில் சாந்தியாகோ போய்ச் சேர்ந்தோம்.

நோயைப் பற்றி இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தி பகையென்று தவறாக எண்ணித் தன் மூட்டுகளின் உள்ளுறையையே தாக்குவதுதான் முடக்குவாதம். தேய்மானத்தால் வரும் மூட்டுவலி நடந்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும். இது நேர்மாறு. ஓய்வில் இறுகும், அசைவில் தளரும். காலையில் எழுந்ததும் ஒன்றரை மணி நேரம் விரல்கள் மடங்க மறுக்கும். பகல் ஏற ஏற விட்டுக்கொடுக்கும். அதற்காக ஓடி ஆடவும் முடியாது. இன்று அளவு மீறினால் நாளை தண்டனை உண்டு. அளவு எது என்பது மீறிய பிறகுதான் தெரியும்.

இரண்டாவது, மருந்து. மெத்தோட்ரெக்சேட் என்ற அந்த மருந்தை வாரத்துக்கு ஒரு முறைதான் உட்கொள்ள வேண்டும். மறதியாகத் தினமும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. நான் வெள்ளிக்கிழமை இரவைத் தேர்ந்தெடுத்திருந்தேன். மறுநாள் முழுவதும் குமட்டலும், ஈரத்துணியைப் போர்த்தியது போன்ற ஒரு களைப்பும் இருக்கும். சனிக்கிழமையை அதற்குக் கொடுத்துவிட்டால் திங்கட்கிழமை அலுவலகத்துக்கு ஆள் தேறிவிடும். ஆக, என் வாரத்தில் சனிக்கிழமை என்று ஒரு நாள் கிடையாது.

சாந்தியாகோவில் நாங்கள் தங்கியது ஒரு வீட்டில். வெளிநாட்டவருக்கு அறை வாடகைக்கு விடலாம் என்று அனுமதி பெற்ற வீடுகளின் கதவில் நீல நிறச் சின்னம் ஒன்று ஒட்டியிருக்கும். வீட்டுக்காரம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். கணவருக்குக் கொஞ்சம் ஸ்பானிய மொழி தெரியும். எனக்கு எண்களும் நன்றியும் மட்டும். சனிக்கிழமை காலை அவர் சின்னஞ்சிறு கோப்பையில் காபி கொண்டுவந்து வைத்தார். அதன் கைப்பிடிக்குள் என் விரல் நுழையாது; நுழைந்தாலும் மடங்காது. வழக்கம்போல் கோப்பையை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்கினேன். நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே சொல்லில் கேட்டார்: "ரெயூமா?"

அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. தலையசைத்தேன். அவர் தம் கைகளை மேசைமேல் விரித்து வைத்தார். விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன, காற்றில் சாய்ந்து அப்படியே நின்றுவிட்ட நாணல்போல. நோய் நெடுங்காலம் இருந்தால் கை இப்படி ஆகும் என்று மருத்துவமனைக் கையேட்டில் படம் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்தது அப்போதுதான். சொந்தக்காரர்களிடம் நான் இரண்டு ஆண்டுகளாக வாதாடி நிறுவ முடியாததை, முன்பின் தெரியாத ஒரு பெண் ஒரு கோப்பையைப் பிடித்த விதத்திலேயே கண்டுகொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒரு பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்து என் கைகளை அதில் வைத்துவிட்டு, இன்றிரவு தாம் ட்ரோவாவுக்குப் போவதாகவும், நாங்களும் வரவேண்டும் என்றும் கணவரிடம் சொன்னார். இவளால் முடியாது, சனிக்கிழமைகளில் இவள் படுக்கையை விட்டு எழுவதில்லை என்றார் கணவர். அங்கே நாற்காலிகள் இருக்கின்றன என்றார் அந்த அம்மா.

*

காசா தே லா ட்ரோவா எரேதியா வீதியில் இருக்கிறது. செஸ்பெதெஸ் சதுக்கத்துக்கும் பேராலயத்துக்கும் அருகில், இரண்டு நிமிட நடை. 1968 முதல் பாட்டுக்காரர்கள் கூடும் இடமாக அது இருந்துவருகிறது. 'ட்ரோவா' என்பது கித்தாரை ஏந்திக்கொண்டு ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர்களின் மரபு. மறைந்த பாடகர்களின் படங்கள் சுவரெங்கும் தொங்குகின்றன. இரவுக் கச்சேரி மாடிக்கூடத்தில் நடந்தது. வீதியைப் பார்த்த நீண்ட பால்கனியின் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. படியேறவே எனக்குப் பத்து நிமிடம் ஆனது. வயிற்றில் குமட்டல் இருந்துகொண்டே இருந்தது. ரம்மைத் தொட முடியாது; இந்த மருந்தோடு மது சேர்ந்தால் கல்லீரல் கெடும். ஆட்டம் நடக்கும் ஊரில், ரம் இல்லாமல், மருந்து நாளில், சுவரோரத்து நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தேன்.

சோன் என்னும் இசை பிறந்தது கியூபாவின் இந்தக் கிழக்குப் பகுதியில்தான். மலையோரக் கிராமங்களில் உருவாகி, 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹவானாவுக்குப் போய், பின்னால் உலகம் 'சல்சா' என்று அழைத்ததற்கு அடித்தளமானது. அன்றைய குழுவில் ஏழு பேர். கித்தார், இரண்டிரண்டாக மூன்று தொகுதிக் கம்பிகள் கொண்ட ட்ரேஸ், பாஸ், போங்கோ, மராக்காஸ், ட்ரம்பெட். பாட்டுக்காரரின் கையில் இரண்டு கட்டைகள். அவற்றின் பெயர் கிளாவே. பார்ப்பதற்கு நம் ஊர்க் கோலாட்டக் குச்சியைக் குட்டையாக நறுக்கியது போலிருக்கும். எல்லாக் கருவிகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. ஒரு சுற்றுக்கு ஐந்து தட்டுகள்; மூன்று ஒரு பக்கம், இரண்டு மறுபக்கம். அடிப்படைக் கட்டையை விரல்களால் இறுக்கிப் பிடிப்பதில்லை. குவித்த உள்ளங்கையின்மேல் சும்மா கிடத்தியிருக்கிறார்கள். இறுக்கினால் ஒலி செத்துவிடும். நான் காலையில் கோப்பையை ஏந்தியதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

சிறு வயதில் நான்கு வருடம் பாட்டு கற்றவள் நான். கை தன்னையறியாமல் தொடையில் தாளம் போட முயன்று தோற்றுக்கொண்டே இருந்தது. காரணம் புரியச் சற்று நேரம் பிடித்தது. பாஸ் முதல் தட்டில் விழுவதே இல்லை. அடுத்த சுற்றின் சுரத்தை இந்தச் சுற்றின் கடைசியிலேயே ஒலித்துவிட்டு, முதல் தட்டு வரும்போது மௌனமாகிவிடுகிறது. சமத்தில் எடுக்காமல் இடம் தள்ளி எடுக்கும் பாட்டு நமக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே அடித்தளமே தள்ளி நிற்கிறது. ஆடுபவர்களும் அப்படியே. ஒன்றில் நிற்கிறார்கள், இரண்டு, மூன்று, நான்கில் அடியெடுக்கிறார்கள், ஐந்தில் மறுபடி நிற்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஓயாத அசைவு. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை பாதம் ஓய்கிறது.

நடுவில் மெதுவான பொலேரோ ஒன்று பாடினார்கள். 'லா விதா எஸ் உன் சுவேன்யோ', வாழ்க்கை ஒரு கனவு என்று பொருள். அர்செனியோ ரொத்ரிகெஸ் இயற்றியது. அவர் சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். ட்ரேஸ் வாத்தியத்தில் மேதை. சோன் குழுவில் பியானோவையும் கோங்காவையும் கூடுதல் ட்ரம்பெட்டுகளையும் சேர்த்து அதன் உருவையே மாற்றியவர். 1947-இல் பார்வை திரும்பக்கூடும் என்ற நம்பிக்கையில் நியூயார்க்கில் ஒரு கண் மருத்துவரிடம் போனார். ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் மருத்துவர். அந்தச் சேதியைக் கேட்ட கையோடு எழுதிய பாட்டு அது என்று சொல்வார்கள். கூடத்தில் அந்தப் பாட்டுக்கும் ஆடினார்கள். கன்னத்தோடு கன்னம் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெரியவர் எங்கள் பக்கம் வந்தார். சலவை செய்த வெள்ளை குவயபேரா சட்டை, மெருகேற்றிய காலணி. வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்தவர் போலும். அந்த அம்மா அவரிடம் ஏதோ சொன்னார். அவர் என் முன் வந்து நின்று கையை நீட்டவில்லை. முழங்கையை மடக்கி, முன்கையை நீட்டினார். விரலைப் பிடிக்க வேண்டியதில்லை, கையை மேலே கிடத்தினால் போதும் என்று அர்த்தம். நான் கணவரைப் பார்த்தேன். கணவர் அந்த அம்மாவைப் பார்த்தார். எழுந்துவிட்டேன்.

ஆடினேன் என்று சொல்வதைவிட, ஆட்டத்துக்குள் நடந்தேன் என்று சொல்லலாம். ஒன்றில் நின்று, இரண்டில் எடுத்து வைத்து. பாஸ் இடிக்காத அந்த முதல் தட்டில் என் வலது முழங்காலுக்கு ஒரு நொடி மூச்சுக் கிடைத்தது. காலையில் துருப்பிடித்திருந்த இடுப்பு மூன்றாவது நிமிடத்தில் தளர்ந்தது. எத்தனையோ மாதங்களாக என் உடம்பை நான் ஒரு வழக்குக் கட்டாகத்தான் சுமந்து திரிந்திருக்கிறேன். அது என்னுடையது என்ற நினைப்பு அப்போது வந்தது. சிரித்திருக்கிறேன். அது எனக்குத் தெரியாது, காணொளியில்தான் பார்த்தேன்.

சோன் பாட்டுக்கு இரண்டு பகுதிகள். முதலில் கதை சொல்லும் பகுதி, பிறகு மொன்டூனோ. குழுவினர் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாட, முன்பாட்டுக்காரர் அதற்கு ஈடு கொடுத்துப் புதிது புதிதாகப் பாடுவார். வேகம் ஏறும். மொன்டூனோ தொடங்கியதும் முழங்கால் எச்சரித்தது. பெரியவருக்கு அது எப்படித் தெரிந்ததோ, நாங்கள் நின்ற இடத்திலேயே ஆட்டத்தைச் சுருக்கிவிட்டார். சுற்றிலும் மற்றவர்கள் சுழல, நாங்கள் இருவரும் ஒரே தரைக்கல்லின்மேல் நின்று பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். பாட்டு முடியும் முன்பே என்னைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். தலை தாழ்த்தி நன்றி சொல்லிவிட்டு, அதே பாட்டுக்கு வேறொரு பெண்ணோடு ஆடப் போய்விட்டார். அதில் இரக்கமும் இல்லை, அவமதிப்பும் இல்லை. அன்றிரவு இன்னும் இரண்டு முறை எழுந்து ஆடினேன். இரண்டு முறையும் பாதியில் உட்கார்ந்தேன்.

திரும்பும் வழியில் அந்த அம்மா தான்சோன் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். சோனுக்கு முன் கியூபாவை ஆண்ட ஆட்டம் அது. 1879 ஜனவரி முதல் தேதி மத்தான்சாஸ் நகரில் மிகேல் ஃபாயில்தே முதல் தான்சோனை வாசித்தார் என்பது வரலாறு. அந்த ஆட்டத்தில் ஆடாமல் நிற்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. முகப்பு இசை திரும்பத் திரும்ப வரும். வரும்போதெல்லாம் இணைகள் நின்றுவிட வேண்டும். விசிறிக்கொள்ளலாம், பேசிக்கொள்ளலாம். வெப்ப நாட்டில் அப்படி ஓர் ஏற்பாடு. அந்த நேரத்தில் ஆடுகிறவன்தான் ஆட்டம் தெரியாதவன். நன்றாக ஆடுகிறவர்களை 'ஒரே செங்கல்லின்மேல் ஆடுகிறவர்' என்று புகழ்வார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை தண்டனை வந்தது. கழிவறைக் கதவின் குமிழைத் திருக முடியவில்லை. பகல் பதினொரு மணி வரை படுக்கையில் கிடந்தேன். அந்த அம்மா வந்து எட்டிப் பார்த்தார். அவர் கையிலும் வீக்கம். இருவரும் ஒரே பாத்திரத்து வெந்நீரில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

*

கணவர் மகிழ்ச்சியில் அந்தக் காணொளியைக் குடும்பத்தின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பிவிட்டார். சாந்தியாகோவில் இணையம் கிடைப்பது அப்போது அரிது. சுரண்டல் அட்டை வாங்கிக்கொண்டு சதுக்கத்தில் போய் உட்கார வேண்டும். ஆகவே பதில்களை நாங்கள் இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தோம். கட்டைவிரல்கள், கைதட்டல்கள். அக்கா மட்டும் எதுவும் போடவில்லை. டொரொண்டோ திரும்பிய அன்று அவளே அழைத்தாள்.

"டான்ஸ் ஆட முடியுது. அம்மா திவசத்துக்கு வர முடியலை, இல்லையாடி?"

நான் வாதாடினேன். நான்கு மணி நேரப் பயணம் வேறு, ஒரு நாளுக்கு மேலான பயணம் வேறு என்றேன். ஜனவரி வேறு, பிப்ரவரி வேறு என்றேன். நாற்பது விநாடிதான் ஆடினேன், மிச்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், மறுநாள் கதவைத் திறக்க முடியவில்லை என்றேன். எல்லாம் உண்மை. அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, வெச்சிடறேன்" என்றாள்.

அந்த ஆண்டு நான் அடிக்கடி நினைத்துக்கொண்டவர் ரூபென் கொன்சாலெஸ். இளமையில் அர்செனியோவின் குழுவில் பியானோ வாசித்தவர். மருத்துவம் படிக்கப் போய் இசைக்காக அதை விட்டவர். முதுமையில் கைகளில் மூட்டுவாதம், வீட்டில் பியானோவும் இல்லை, வாசிப்பதையே நிறுத்திவிட்டிருந்தார். 1996-இல் ஹவானாவில் 'புவேனா விஸ்தா சோசியல் கிளப்' ஒலிப்பதிவுக்கு அவரை அழைத்து வந்தார்கள். தம் பெயரில் ஒரு தனித்தொகுப்பை அவர் பதிவு செய்தபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. 1999-இல் விம் வெண்டர்ஸ் எடுத்த ஆவணப்படத்தில் அவர் விரல்கள் பியானோவின்மேல் ஓடுவதைப் பார்க்கும் எவரும் அந்தக் கைகளில் நோய் இருந்தது என்று ஊகிக்க மாட்டார்கள். நானும் பலமுறை பார்த்தவள்தான்; ஊகித்ததில்லை. அக்காவை மட்டும் எப்படிக் குறை சொல்வது? ஆடுகிற விநாடியைத்தான் யாரும் படம் பிடிக்கிறார்கள். உட்கார்ந்திருப்பதை எவரும் பிடிப்பதில்லை.

அக்காவின் கேள்விக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஜனவரியில் என் மணிக்கட்டுகள் வீங்கியிருந்தது உண்மை. மருத்துவர் வேண்டாம் என்றதும் உண்மை. அவர் அப்படிச் சொன்னபோது எனக்குள் ஒரு நிம்மதி பரவியதும் உண்மை. அம்மா இல்லாத அந்த வீட்டுக்குள் நுழைய எனக்குத் துணிவில்லை. கூடத்தில் அவள் சாய்வு நாற்காலி இல்லாமல் இருக்கும். அக்கா ஓராண்டாகத் தனியாகச் சுமந்ததெல்லாம் அவள் முகத்தில் இருக்கும். அவற்றைப் பார்க்காமல் தப்பிக்க நோய் ஒரு வழி கொடுத்தது, நான் எடுத்துக்கொண்டேன். நோயும் பொய்யில்லை, சாக்கும் பொய்யில்லை. என் வாதத்தில் நான் முதலாவதை மட்டும் எடுத்துவைத்தேன். அக்காவுக்குக் கேட்டது இரண்டாவது. உடன்பிறந்தவளின் காது அது.

2019 ஜனவரியில், அடுத்த திவசத்துக்குத் திருச்சி போனேன். மருந்தை மாற்றியிருந்தார்கள், உடம்பு ஓரளவு பரவாயில்லை. காணொளியைப் பற்றி அக்காவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. முதல் நாள் காலை அவள் காபி கொண்டுவந்து வைத்தாள், அம்மாவின் எவர்சில்வர் டம்ளரில், விளிம்பு வரை, நுரை ததும்ப. விரல் நுனிகளால் விளிம்பைப் பற்றித்தான் அந்தச் சூட்டில் தூக்க முடியும்; அது எனக்கு முடியாது. புடவைத் தலைப்பைச் சுற்றி, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்கினேன். கொஞ்சம் சிந்தியது. அக்கா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் என் முன்னால் இரண்டு டம்ளர்கள் இருந்தன. இரண்டிலும் பாதி பாதி காபி.

குடித்து முடித்ததும், "அந்த ஊர்ல என்ன பாட்டுடி பாடுவாங்க?" என்று கேட்டாள் அக்கா. மேசைமேல் தட்டிக் காட்டினேன். மூன்று, இரண்டு.